கிதார் கற்கத் தொடங்குபவர் அமர வேண்டிய முறையும் கை வைக்க வேண்டிய இடமும்

கிதார் வாங்கிய முதல் சில வாரங்களில் பலரும் சொல்லும் முறையீடு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். விரல் நுனி எரிகிறது, மணிக்கட்டு வலிக்கிறது, இடது தோள் கனக்கிறது, இத்தனைக்கும் பிறகு சி கார்டை, அதாவது பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் ஒரு பிடியை, வாசித்தால் ஐந்து தந்திகளில் இரண்டுதான் ஒலிக்கின்றன என்பார்கள். தம் விரல்கள் குட்டையானவை என்றும், தமக்கு இந்தக் கருவி ஒத்துவராது என்றும் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு கிதாரைப் பரணில் ஏற்றிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் விரல்களில் எந்தக் குறையும் இருப்பதில்லை. கிதார் மடியில் நிலையாக அமராமல் சரிந்துகொண்டிருக்கும். அதை விழாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை இடது கை தன்னையறியாமல் ஏற்றுக்கொண்டிருக்கும். தாங்கும் கை தடையின்றி வாசிக்க முடியாது. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு செய்தியின் விரிவுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வழக்கமாக அமரும் முறையில் அமர்ந்து, கிதாரை மடியில் வைத்து, இடது கையை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். வலது முன்கை மட்டும் கிதாரின் உடல்மீது படிந்திருக்கட்டும். அப்போது கிதாரின் தலைப்பகுதி கீழே இறங்கினாலோ, முன்பக்கம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்தாலோ, கருவி இன்னும் அமரவில்லை என்று பொருள். இடது கை இல்லாமலே கிதார் இருந்த இடத்தில் நிற்கத் தொடங்கும்வரை கார்டுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இனி வரும் சொற்களை இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். தரைக்கு அருகில் இருக்கும் மெல்லிய தந்தி முதல் தந்தி. முகத்துக்கு அருகில் இருக்கும் தடித்த தந்தி ஆறாவது. விரல்கள் அழுத்தும் நீண்ட மரப்பகுதி நெக். அதன் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகக் கம்பிகள் ஃபிரெட்டுகள், வீணையில் மெட்டு என்று வழங்கப்படுபவை. நெக்கின் தலைப்பக்க முனையில் தந்திகள் பள்ளங்களில் அமர்ந்திருக்கும் சிறு துண்டு நட். இடது கையின் சுட்டு விரல் 1, நடு விரல் 2, மோதிர விரல் 3, சுண்டு விரல் 4 என்று எண்ணப்படும். வலக்கைப் பழக்கம் உள்ளவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இடக்கைக் கிதார் வாசிப்பவர் கைகளை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

மணிக்கட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை உடற்கூறு எளிதாக விளக்கிவிடுகிறது. விரல்களை மடக்கும் வலிமையான தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் ஒன்பது தசைநாண்கள் மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகிய சுரங்கத்தின் வழியாக விரல்களுக்குச் செல்கின்றன. பெருவிரலுக்கும் அதை அடுத்த விரல்களுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஒன்றும் அதே சுரங்கத்தில் அவற்றோடு நெருங்கிச் செல்கிறது. மணிக்கட்டை உள்பக்கமாக முழுவதும் மடக்கி வைத்துக்கொண்டு கையை இறுக மூடிப் பாருங்கள்: முழுப் பலத்தோடு மூட முடியாது. மணிக்கட்டை நேராக்கியதும் அதே கை எளிதாக இறுகும். மடிந்த மணிக்கட்டோடு கிதார் வாசிப்பவர் குறைந்த பலத்தோடு அதிக வேலையைச் செய்ய முயல்கிறார். கூடவே அந்தச் சுரங்கத்தில் அழுத்தத்தையும் ஏற்றுகிறார். நான் தனியாகக் கற்றுக்கொண்ட முதல் ஆண்டு முழுவதும் இப்படித்தான் வாசித்தேன். இரவில் பெருவிரலும் சுட்டு விரலும் மரத்துப்போகத் தொடங்கிய பிறகே என் மணிக்கட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று முதன்முதலாகக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஆகவே முதலில் நாற்காலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலிதான் நம் வீடுகளில் அதிகம்; அதில் அமர்ந்தால் கிதாரின் அடிப்பகுதி கைப்பிடியில் இடித்து, கருவி முழுவதும் இடப்பக்கம் தள்ளப்படும். சோபாவும் கட்டிலும் அமிழ்ந்துபோவதால் இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்து, முதுகு வளைந்துவிடும். கைப்பிடியில்லாத சாப்பாட்டு மேசை நாற்காலியோ முக்காலியோ போதும். தொடைகள் ஏறத்தாழத் தரைக்கு இணையாகவும், இரு பாதங்களும் தரையில் முழுவதும் படிந்தும் இருக்க வேண்டும். முன்பாதி இருக்கையில் அமர்ந்தால் முதுகு தானாக நிமிரும். விறைப்பாக நிமிரத் தேவையில்லை. ஒருமுறை மூச்சை இழுத்து விட்டு, தோள்கள் தாமாக எங்கே இறங்கி நிற்கின்றனவோ அதுவே அவற்றுக்கு உரிய இடம். கடினமான கார்டு வரும்போதெல்லாம் இடது தோள் காதை நோக்கி ஏறுவது தொடங்குபவர் எல்லாருக்கும் நேர்வதுதான். ஏறியதைக் கவனித்து இறக்கிவிடுவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

எஃகுத் தந்திக் கிதாரைப் பெரும்பாலோர் வலது தொடைமீது வைத்து வாசிக்கிறார்கள். கிதார் உடலின் இடுப்பு போன்ற வளைவு தொடையில் பொருந்த வேண்டும். பின்பக்கத்தின் மேற்பகுதி மார்பைத் தொட வேண்டும். வலது முன்கை, முழங்கைக்குச் சற்று முன்னால், மேல் விளிம்பில் படிய வேண்டும். தொடை, மார்பு, முன்கை ஆகிய இந்த மூன்று இடங்களும் சேர்ந்துதான் கருவியைப் பிடிக்கின்றன. நெக் தரைக்கு முற்றிலும் இணையாக இராமல் தலைப்பகுதி சிறிது உயர்ந்திருப்பது நல்லது. அந்தச் சிறிய உயர்வே இடது மணிக்கட்டின் மடிப்பைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

இங்கே ஒரு பழக்கத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். விரல் எந்த ஃபிரெட்டில் இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கிதாரின் முகத்தைத் தன் முகத்தை நோக்கிச் சாய்த்துக்கொள்வது ஏறத்தாழ எல்லாரும் செய்யும் தவறு. அப்படிச் சாய்த்ததும் நெக்கைச் சுற்றி விரல்கள் எட்ட வேண்டிய தூரம் கூடுகிறது. அதை ஈடுகட்ட மணிக்கட்டு முன்னால் துருத்தி மடிகிறது. கிதார் மார்பிலிருந்து விலகுவதால் மீண்டும் இடது கையே அதைத் தாங்குகிறது. மேலே சொன்ன எல்லாத் தொல்லைகளுக்கும் இந்தச் சாய்வு ஒன்றே வாசலாக அமைந்துவிடுகிறது. கிதாரின் முகம் நேர் எதிர்ச் சுவரைப் பார்க்கட்டும். விரல்களைப் பார்க்க வேண்டுமானால் தலையைச் சிறிது முன்னால் நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் நிமிர்ந்துகொள்ளலாம். நெக்கின் பக்கவாட்டு விளிம்பில் வாசிப்பவருக்குத் தெரியும்படி சிறு புள்ளிகள் பதிக்கப்பட்டிருப்பது இதற்காகவே. பெரும்பாலான எஃகுத் தந்திக் கிதார்களில் அவை 3, 5, 7, 9, 12 ஆகிய ஃபிரெட்டுகளுக்கு நேராக இருக்கும்.

நைலான் தந்திகள் பூட்டிய செவ்வியல் கிதாருக்கு வேறொரு அமர்வு முறை உண்டு. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறு மணையில் இடது பாதத்தை வைத்து, உயர்ந்த இடது தொடையில் கிதாரை அமர்த்துவார்கள். தலைப்பகுதி கண்மட்டம் வரை உயரும். நெக் சாய்வாக மேல்நோக்கிப் போகும். முதல் ஃபிரெட்டும் பன்னிரண்டாவது ஃபிரெட்டும் இடது கைக்கு ஒன்றுபோல் எட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படி ஒரு பொது வழக்கம் நிலைபெற்றிருக்கவில்லை. ஸ்பெயின் நாட்டுக் கிதார்க் கலைஞர் தியோனிசியோ அகுவாதோ (1784–1849), கைகள் இரண்டும் தாங்கும் வேலையிலிருந்து முழுவதும் விடுபட வேண்டும் என்பதற்காகக் கிதாரைப் பூட்டி நிறுத்தும் மூன்று கால் தாங்கி ஒன்றையே வடிவமைத்தார். அதற்குத் திரிபோடிசான் என்று பெயர். பின்னர் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) என்ற கைவினைஞர் கிதாரின் உடலைப் பெரிதாக்கினார். பெரிய உடல் மடியில் நன்றாக அமர்ந்தது. மணையில் இடது காலை வைக்கும் முறையைப் பரவலாக்கியவர்களில் முதன்மையாகச் சொல்லப்படுபவர் பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909). மணையில் நெடுநேரம் கால் வைத்தால் இடுப்பு ஒரு பக்கம் திருகி வலிக்கிறது என்பவர்கள், இரு பாதங்களையும் தரையிலேயே வைத்துக்கொண்டு, தொடைக்கும் கிதாருக்கும் இடையே ஒரு திண்டையோ உலோகத் தாங்கியையோ இன்று பயன்படுத்துகிறார்கள். கருவிகள் மாறினாலும் அகுவாதோ தீர்க்க முனைந்த சிக்கல் அப்படியே இருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருக்கும்.

தரையில் சம்மணமிட்டு வாசிக்கலாமா என்ற கேள்வி நம்மிடையே இயல்பாக எழும். வீணை அந்த அமர்வுக்கென்றே அமைந்த கருவி; அதன் குடமும் சுரைக்காயும் தரையிலும் தொடையிலும் தாங்கப்படுகின்றன. கிதாருக்கு அப்படிப்பட்ட தாங்கல் இல்லை. சம்மணமிட்டதும் முழங்கால்கள் தாழ்ந்து, கிதார் முன்னால் சரிந்து, முதுகு அதைப் பின்தொடர்ந்து வளைகிறது. தரைதான் வசதி என்றால் மடித்த ஜமுக்காளத்தையோ தடித்த தலையணையையோ போட்டு அதன்மேல் அமர்ந்து, கிதாரைத் தோளில் மாட்டும் பட்டையான ஸ்ட்ராப்பையும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் முதல் சில மாதங்களுக்கு நாற்காலியையே பரிந்துரைப்பேன்.

கருவி அமர்ந்துவிட்டால் இடது கைக்குச் செல்லலாம். கையைப் பக்கவாட்டில் தளரத் தொங்கவிட்டுப் பாருங்கள்: விரல்கள் தாமாகவே மென்மையாக வளைந்திருக்கும், மணிக்கட்டு நேராக இருக்கும். அந்த வடிவத்தைக் குலைக்காமல் கையைத் தூக்கி நெக்கில் பொருத்த வேண்டும். பெருவிரலின் சதைப்பற்றான பகுதி நெக்கின் பின்புறத்தில், ஏறத்தாழ நடு விரலுக்கு நேர் பின்னால், தொட்டுக்கொண்டு நிற்கட்டும். உள்ளங்கை நெக்கில் ஒட்டக் கூடாது. இடையே ஓர் எலுமிச்சம்பழம் நசுங்காமல் இருக்கும் அளவுக்கு இடம் வேண்டும். முழங்கை விலாவில் ஒட்டாமலும், சிறகுபோல் வெளியே விரியாமலும் தன் எடையில் தொங்க வேண்டும்.

விரல்கள் தந்தியை நுனியால் அழுத்த வேண்டும். விரலின் கடைசி மூட்டு உள்பக்கமாக ஒடிந்து தட்டையாகிவிட்டால், அந்த விரல் பக்கத்துத் தந்தியையும் தொட்டு அதன் ஒலியை அடைத்துவிடும். சி கார்டில் முதல் தந்தி ஊமையாவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்: இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் இருக்கும் சுட்டு விரல் சாய்ந்து அதன்மேல் படிந்திருக்கும். நுனியால் அழுத்த இடது கை நகங்கள் சதையைத் தாண்டாமல் வெட்டப்பட்டிருக்க வேண்டும். நீண்ட நகத்தோடு நல்ல கைவைப்பு முடியவே முடியாது.

அழுத்தும் இடத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரு ஃபிரெட்டில் அழுத்துவது என்றால் அந்த உலோகக் கம்பியின்மீதே விரலை வைப்பது அன்று. அதற்கு முந்தைய இடைவெளியில், கம்பியை உரசும் அளவுக்கு நெருங்கி, அதன் பின்னால் வைப்பது. இடைவெளியின் நடுவில் அழுத்தினால் கூடுதல் பலம் தேவைப்படும். தந்தி கம்பியில் முழுமையாகப் படியாமல் கரகரக்கும். கம்பியின்மீதே விரல் ஏறிவிட்டால் ஒலி மழுங்கும். கரகரப்பு கேட்டவுடன் இன்னும் பலமாக அழுத்துவதுதான் நம் முதல் உந்துதல். அதற்கு முன் விரலை ஒரு சில மில்லிமீட்டர் முன்னால் நகர்த்திப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும்.

எவ்வளவு அழுத்தினால் போதும் என்பதை ஒவ்வொருவரும் தம் கையாலேயே அளந்துகொள்ள முடியும். மூன்றாம் தந்தியின் ஐந்தாவது ஃபிரெட்டில் சுட்டு விரலை அழுத்தாமல் தொட்டு மட்டும் வைத்துக்கொண்டு, வலது கையால் அந்தத் தந்தியை விடாமல் மீட்டுங்கள். முதலில் ‘டொக்’ என்ற மொட்டை ஒலிதான் வரும். அழுத்தத்தை மிக மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் கரகரப்பும், பிறகு ஒரு கட்டத்தில் தெளிவான சுரமும் பிறக்கும். அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் செலவிடும் பலம் ஒலியைத் தெளிவாக்காது. அளவு மீறினால் சுருதியைச் சற்று ஏற்றிவிடவும் கூடும். இந்தச் சோதனையைச் செய்பவர் பலரும், இதுவரை தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு அழுத்தி வந்தோம் என்று உணர்கிறார்கள். அடுத்ததாக, இ மைனர் கார்டைப் பிடித்துக்கொண்டு பெருவிரலை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். வலது முன்கை கிதாரின் உடலை மார்போடு அணைத்திருந்தால், இடது கையின் எடையைப் பின்னோக்கித் தொங்கவிட்டே தந்திகளை ஒலிக்கச் செய்யலாம். எப்போதும் பெருவிரல் இல்லாமல் வாசிக்கச் சொல்லவில்லை. இடுக்கிபோல் நெரிப்பது பெருவிரலின் வேலை அல்ல என்பதைக் கை நேரடியாக அறிந்துகொள்ள இது உதவும்.

நான்கு விரல்களையும் ஃபிரெட்டுக்கு ஒன்றாக வைத்துப் பழகும் பயிற்சியை எல்லாரும் முதல் ஃபிரெட்டில் தொடங்குகிறார்கள். அதை நான் மாற்றச் சொல்வேன். ஒலிக்கும் தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டராக உள்ள ஒரு கிதாரில் முதல் ஃபிரெட்டின் இடைவெளி ஏறத்தாழ 36 மில்லிமீட்டர். ஐந்தாவது ஃபிரெட்டில் அது 29 மில்லிமீட்டராகவும், பன்னிரண்டாவதில் 19 மில்லிமீட்டராகவும் குறைகிறது. விரல்கள் இன்னும் விரியப் பழகாத ஒருவரை மிக அகலமான இடத்தில் நிறுத்துவதில் பொருளில்லை. ஐந்தாவது ஃபிரெட்டிலிருந்து தொடங்கி, விரல்கள் தளர்வாக விரியத் தொடங்கிய பிறகு, வாரத்துக்கு ஒரு ஃபிரெட்டாகத் தலைப்பக்கம் நகர்ந்து வரலாம். அப்போதும் எல்லா விரல்களும் தந்திக்கு அருகிலேயே காத்திருக்க வேண்டும். வேலையில்லாத சுண்டு விரல் தொலைவில் எழும்பி நின்றால், அது திரும்பி வரும் நேரம் ஒவ்வொரு முறையும் வீணாகும்.

எல்லாரையும் அச்சுறுத்தும் எஃப் கார்டுக்கும் இதே அறிவுரை பொருந்தும். நட்டுக்கு மிக அருகில் தந்தி விறைப்பாக இருப்பதால் முதல் ஃபிரெட்டில் சுட்டு விரலை ஆறு தந்திகளுக்கும் குறுக்கே கிடத்தி அழுத்துவது மிகவும் கடினம். அதே வடிவத்தை ஐந்தாவது ஃபிரெட்டில் பிடித்தால் ஏ மேஜர் கார்டு கிடைக்கும். அங்கே பழகிக்கொண்டு முதல் ஃபிரெட்டை நோக்கி வாருங்கள். சுட்டு விரலைத் தட்டையாக வைக்காமல், பெருவிரல் பக்கமாகச் சிறிது புரட்டினால், சதை குறைந்த எலும்பு விளிம்பு தந்திகளில் படியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 5, 4, 3 ஆகிய தந்திகளை மற்ற மூன்று விரல்கள் பிடித்துக்கொள்வதால், சுட்டு விரல் உண்மையில் ஒலிக்கச் செய்ய வேண்டியவை 6, 2, 1 ஆகிய மூன்று தந்திகள் மட்டுமே. விரல் முழுவதையும் சமமாக அழுத்த வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டாலே பாதிப் பலம் மிச்சமாகும்.

சில நேரங்களில் தவறு கையிடம் இல்லாமல் கருவியிடம் இருக்கும். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையில் நிற்கின்றன. அந்த இழுப்பில் நெக் காலப்போக்கில் வளைந்து, தந்தி உயர்ந்துவிடலாம். பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் தந்தியின் உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இருப்பது எஃகுத் தந்திக் கிதாருக்கு வசதியான அளவு. நைலான் தந்திக் கிதாரில் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அளவுகோலை வைத்துப் பார்த்து மிகவும் கூடுதலாக இருந்தால், கிதார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். கெட்டுப்போன கருவியோடு மல்லுக்கட்டித் தம் கையைக் குறைசொல்லிக்கொள்ளும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும்.

வலது கையைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. முன்கை மேல் விளிம்பில் படிந்ததும் கை ஒலித்துளையின் அருகில் தானாக வந்து தொங்கும். தோளிலிருந்து முழுக் கையையும் விளிம்பின்மேல் போட்டுத் தொங்கவிட்டால் விளிம்பு சதையில் பதிந்து கை மரக்கும். தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்கைப் பயன்படுத்துபவர் சுட்டு விரலை உள்பக்கமாக வளைத்து, அதன் பக்கவாட்டில் பிக்கைக் கிடத்தி, பெருவிரலை மேலே வைக்க வேண்டும். நுனி ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். பூ தொடுப்பவர் மல்லிகைக் காம்பைப் பிடிக்கும் இறுக்கமே இதற்கும் உரிய இறுக்கம். தந்திகளை ஒரே வீச்சில் வருடி மீட்டும் ஸ்ட்ரம்மிங்குக்கு 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் பிக் எளிதாக இருக்கும். அசைவு முழங்கையிலிருந்தும், கழுவிய கையின் நீரை உதறும்போது நிகழ்வதுபோன்ற முன்கையின் சுழற்சியிலிருந்தும் வர வேண்டும்; தோளிலிருந்து வரக் கூடாது.

விரல்களால் மீட்டுபவர், பெருவிரலுக்கு 6, 5, 4 ஆகிய தந்திகளையும், சுட்டு விரலுக்கு மூன்றாவதையும், நடு விரலுக்கு இரண்டாவதையும், மோதிர விரலுக்கு முதல் தந்தியையும் ஒதுக்கித் தொடங்கலாம். பெருவிரல் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளாமல் சுட்டு விரலைவிடச் சற்று இடப்பக்கம், நெக்கை நோக்கி நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் மோதாமல் இயங்கும். மற்ற விரல்கள் தந்தியை வெளியே இழுத்து விடாமல், உள்ளங்கையை நோக்கி மடங்கிக் கடந்து செல்ல வேண்டும்.

நின்று வாசிக்க விரும்புவோர், அமர்ந்திருக்கும்போதே ஸ்ட்ராப்பை மாட்டி, அது தோளில் விறைப்பாக நிற்கும்வரை சுருக்கிக்கொண்டு எழுந்து நின்று பார்க்கட்டும். கிதார் இருந்த உயரத்திலேயே இருந்தால் அளவு சரி. மேடைக் கலைஞர்கள் சிலர் கிதாரைத் தொடை வரை தாழ்த்தித் தொங்கவிடுவதைப் பார்த்து நாமும் அப்படிச் செய்தால், இடது மணிக்கட்டு மீண்டும் முழுவதும் மடிந்துவிடும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பெருவிரலை நெக்கின் மேலாக வளைத்து ஆறாவது தந்தியை அழுத்தி வாசித்தார், அப்படியானால் பெருவிரல் பின்னால் இருக்க வேண்டும் என்பது பொய்யா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அவருடைய கைக்கும் இசைக்கும் அது பொருந்தியது. தந்தியை வளைத்து வாசிக்கும்போது பெருவிரலை மேலே கொண்டுவருவது இன்றும் பொதுவான வழக்கம். எப்போது மேலே கொண்டுவருவது என்று தேர்ந்தெடுப்பதற்கு முன் பின்னால் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வாதம்.

வலிகளைப் பிரித்தறிவது இன்றியமையாதது. இடது கை விரல் நுனிகள் எரிவதும் தோல் தடிப்பதும் இயல்பு. சில வாரங்களில் தணிந்துவிடும். பயிற்சிக்குப் பிறகு முன்கை சற்றுக் களைப்பதும் அப்படியே. ஆனால் மணிக்கட்டிலோ பெருவிரலின் அடியிலோ குத்தும் வலியும், விரல்கள் மரத்துப்போவதும், ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. அவை வந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஓய்வுக்குப் பிறகும் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட, பத்து நிமிடம் வாசித்து, கிதாரைக் கீழே வைத்து, கைகளை உதறிவிட்டு மீண்டும் அமர்வது மேல். ஒவ்வொரு முறை அமரும்போதும் உடல் அந்த நிலையைப் புதிதாகக் கண்டுபிடிக்கப் பழகும்.

வாரத்துக்கு ஒருமுறை கைப்பேசியை இடப்பக்கத்தில், நெக்கின் உயரத்துக்கு வைத்து இரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதைப் பார்க்கும்போது ஒலியை அணைத்துவிடுங்கள்; ஒலி கேட்டால் கவனம் பாட்டின் பக்கம் போய்விடும். கிதாரின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, மணிக்கட்டு எப்போது மடிகிறது, எந்தக் கார்டு வரும்போது தோள் ஏறுகிறது என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் அந்தக் கார்டிலிருந்தே பயிற்சியைத் தொடங்குங்கள்.